திருநர் மாணவர்களுக்குப் பள்ளிக் கழிப்பறை: வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு செய்முறை

பிறப்பில் குறித்த பாலினம் ஒன்று, தான் உணர்கிற பாலினம் வேறு என்று இருக்கிற திருநர் மாணவர் பற்றிக் கேட்டால், "எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லையே" என்பதுதான் பெரும்பாலான தலைமையாசிரியர்களின் முதல் பதில். குழந்தை வந்து சொன்னால்தான் இருப்பதாகக் கணக்கு என்று வைத்துக்கொண்டால், யாரும் இருக்க மாட்டார்கள். பதின்மூன்று வயதில் "நான் பெண்" என்றோ "நான் பையன்" என்றோ தலைமையாசிரியர் அறைக்கு வந்து சொல்லும் குழந்தை அபூர்வம். அதனால் குழந்தையைத் தேட வேண்டாம். தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள்.

காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் அப்படியே திரும்புகிறதா? இடைவேளை மணி அடித்தால் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டு, பாடம் நடக்கும்போது மட்டும் "சார், வெளியே போகணும்" என்று கேட்கிற பிள்ளை உண்டா? மதியம் சத்துணவைத் தொடாமல் வீட்டுக்கு ஓடுகிறதா? மாலை சிறப்பு வகுப்பு இருக்கிற நாட்களில் மட்டும் விடுப்பா? நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, மலச்சிக்கல் என்று அடிக்கடி சொல்கிறதா? இவை கழிப்பறைக்குப் பயந்து அடக்கிக்கொள்வதன் அடையாளங்கள். திருநர் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திக்குவாய்ப் பிள்ளையாக இருக்கலாம், பருமனுக்காகக் கேலி செய்யப்படும் பிள்ளையாக இருக்கலாம், அன்றுதான் வயதுக்கு வந்த பெண்ணாக இருக்கலாம். ஏற்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் காரணத்தைத் துருவ வேண்டியதில்லை. ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சிறுநீரகத்தோடு விளையாடுவது.

பயம் ஏன் வருகிறது என்பது கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும். ஆண்கள் பக்கம் ஒரே சுவரில் தடுப்பில்லாமல் வரிசையாகச் சிறுநீர்ப் பிறைகள். கதவுள்ள அறை ஒன்றோ இரண்டோ, அதிலும் தாழ்ப்பாள் இருக்காது. நடையில் மென்மை தெரிகிற பையன் அங்கே நின்றால் "ஒம்போது" என்று கூப்பிடுவதில் தொடங்கி, டவுசரை இழுப்பது வரைக்கும் போகும். பெண்கள் பக்கம் கதவு இருக்கும். ஆனால் கிராப் வெட்டிய, தன்னைப் பையனாகவே நினைக்கிற பிள்ளையை "இங்க உனக்கு இன்னா வேலை?" என்று தள்ளிவிடுவார்கள். வாத்தியார் கண்ணில் படாத ஒரே இடம் அதுதான் என்பது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது

மேசையில் நாலு தாள் போதும். 2014 ஏப்ரல் 15-இல் வந்த நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், திருநருக்குப் பொது இடங்களில் கழிப்பறை வசதி செய்து தரும்படி மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் நிறைவேறி, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3-ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டைத் தடுக்கிறது. 11-ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. 13-ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மற்ற மாணவருக்குச் சமமாக எல்லா வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. மூன்றாவது, நமக்கு மிக நெருக்கமானது: 2021 ஜூன் 7-இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு. பள்ளி, கல்லூரிகளுக்கென்று அதில் உள்ள பட்டியலில் பாலினப் பொதுக் கழிப்பறை, ஆவணங்களில் பெயர் மற்றும் பாலின மாற்றம், விண்ணப்பங்களில் ஆண், பெண் கட்டங்களோடு மூன்றாவது கட்டம், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது எல்லாம் வருகின்றன. நாலாவது, கல்வி உரிமைச் சட்டம் 2009. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை கட்டாயம் என்பது அதன் அட்டவணையில் உள்ளது. இதை ஏன் சேர்க்கிறோம் என்றால், புதிய அறைக்காகப் பெண்கள் கழிப்பறையைக் குறைத்துவிட்டு அடுத்த ஆய்வில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஒரு மறுப்பு அடிக்கடி வரும். திருநர் குழந்தைகள் பற்றி மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 2021-இல் வெளியிட்ட ஆசிரியர் பயிற்சிக் கையேடு, எதிர்ப்புக்குப் பிறகு இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. "அதையே எடுத்துவிட்டார்களே" என்பார்கள். கையேடு வேறு, நீதிமன்ற உத்தரவு வேறு. கையேட்டை எடுத்ததால் உத்தரவு போய்விடவில்லை.

திருநர் அடையாளச் சான்றிதழைக் கழிப்பறைக்கு நிபந்தனையாகக் கேட்காதீர்கள். சான்றிதழ் தருவது மாவட்ட ஆட்சியரின் வேலை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்க வேண்டும். அது வரும்வரை எந்தச் சிறுநீர்ப்பையும் காத்திருக்காது.

குழந்தையிடம் பேசுவது

குழந்தையே வந்து சொல்லியிருந்தால், அல்லது குழந்தைக்குத் தெரிந்தே பெற்றோர் வந்து சொல்லியிருந்தால் மட்டும் இந்தப் பேச்சு. ஊகத்தின் பேரில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "நீ திருநங்கையா?" என்று கேட்பது அக்கறை போலத் தெரியலாம், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது.

பேசுபவர் ஒருவராக இருக்கட்டும், குழந்தை ஏற்கெனவே நம்புகிற ஆசிரியராக இருக்கட்டும். உடற்கல்வி ஆசிரியர்தான் பேச வேண்டும் என்ற வழக்கம் வேண்டாம். கேட்க வேண்டியவை மூன்றே: "இப்போ எங்க போற?", "எங்க போனா உனக்கு வசதியா இருக்கும்?", "இது யாருக்கெல்லாம் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது?" மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று குழந்தை சொன்னால், நல்லெண்ணத்தில்கூட அப்பாவுக்குப் போன் போடக் கூடாது. அடி, பள்ளி நிறுத்தம், வேறு ஊர்ச் சித்தி வீடு, இல்லையென்றால் குழந்தையே காட்பாடியில் ரயில் ஏறுவது என்றுதான் அது முடியும். குழந்தையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் கதை வேறு, அப்போது குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தை மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறதோ அந்தக் கழிப்பறைக்கே போக வேண்டும் என்னலாம். யாரும் இல்லாத ஒற்றை அறை வேண்டும் என்னலாம். இப்போதைக்குப் பழைய இடத்துக்கே போகிறேன், ஆனால் தாழ்ப்பாள் போடுங்கள் என்னலாம். மூன்றுமே சரியான பதில்கள்தான், ஆறு மாதத்தில் மாறவும் செய்யும். ஒற்றை அறை கட்டியாகிவிட்டது என்பதற்காக "இனி நீ அங்கேதான் போக வேண்டும்" என்று கட்டாயப்படுத்தினால், வசதியாகக் கொடுத்தது ஒதுக்கிவைப்பதாக ஆகிவிடும்.

அறையைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகக் கட்டும் முன் இருப்பதைச் சுற்றிப் பாருங்கள். இடைவேளை நேரத்தில், மணி அடித்ததிலிருந்து நடந்து பார்க்க வேண்டும். மூன்று மணிக்குக் காலியான வளாகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

பல பள்ளிகளில் மாற்றுத்திறன் மாணவருக்கென்று கட்டிய சாய்தளக் கழிப்பறை ஒன்று இருக்கும். உள்ளே உடைந்த பெஞ்சு, தேர்தல் நேரத்தில் வந்த தட்டிகள், தோட்டக் குழாய். அதைக் காலி செய்தாலே பாதி வேலை முடிந்தது. ஒருவர் மட்டும் போகிற அறை, தனிக் கதவு, மேலே கூரை, எல்லாம் அதில் இருக்கும். ஆனால் சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு முதல் உரிமை என்பது மாறக் கூடாது. கதவின் திறப்பு 3 அடி, உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி வட்டம், கைப்பிடிக் கம்பி ஆகியவற்றைத் தொடாமல் மற்றதைச் சரிசெய்யுங்கள்.

அது இல்லையென்றால், கழிப்பறைக் கட்டடத்தின் கோடி அறையைப் பாருங்கள். உள்நடையிலிருந்து போகிற வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, வெளிச்சுவரில் இரண்டரை அடிக் கதவுக்குத் திறப்பு எடுத்தால் தனி அறை கிடைக்கும். திறப்புக்கு மேலே, சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டல் கட்டாயம், இருபுறமும் 6 அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும். லிண்டல் இல்லாமல் உடைத்த இடத்தில் இரண்டு மழைக்குள் மேல்சுவரில் விரிசல் ஓடும். அரசுப் பள்ளி என்றால் சுவரைத் தொடும் முன் ஒன்றியப் பொறியாளரையோ பொதுப்பணித் துறைப் பொறியாளரையோ கூட்டிவந்து காட்டி எழுத்தில் வாங்குங்கள். 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை என்ற கணக்கு, பெண்கள் பக்கம் குறையாமல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

இடம் எங்கே என்பதில் ஒரு கறார் வேண்டும். மைதானத்துக்கு அப்பால், கருவேலம் புதருக்குப் பக்கத்தில் இருக்கிற அறை வேண்டாம். தலைமையாசிரியர் அறையின் முன்னால், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கிற அறையும் வேண்டாம். வகுப்புகளிலிருந்து ஒரு நிமிட நடையில், மற்றக் கழிப்பறைக்குப் போகிற அதே வழியில் இருந்தால் யார் எங்கே போகிறார்கள் என்று யாரும் கவனிக்கப் போவதில்லை.

கதவும் தாழ்ப்பாளும்

இதற்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும், இதற்குத்தான் எல்லோரும் குறைத்துச் செலவழிக்கிறார்கள்.

பி.வி.சி. கதவு மலிவு, ஆனால் கீல் திருகு ஒரு வருடத்தில் கழன்று, கதவு தொங்கி, தாழ்ப்பாள் ஓட்டைக்கு நேராக வராது. பி.வி.சி. தான் முடியும் என்றால் மூன்று கீல் வைத்து, திருகுக்குப் பதிலாகக் கதவை ஊடுருவிப் போகும் போல்ட், நட்டு போடுங்கள். தகரக் கதவு உப்புத் தண்ணீரில் அடிப்பக்கம் அரித்துப் பொத்தலாகிவிடும், பொத்தல் வழியாகப் பார்க்கிற கண்ணும் வரும். அடியில் ஒரு முழம் உயரத்துக்கு அலுமினியத் தகடு அடித்தால் நாலைந்து வருடம் கூடுதலாக வரும். தரைக்கும் கதவுக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. கைப்பேசியை நுழைக்க முடியாத அளவு என்று ஆசாரியிடம் சொன்னால் அவருக்கே புரியும்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே பிள்ளை மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை அந்த உடலே அடைத்துக்கொள்ளும்.

உள்தாழ்ப்பாள் 6 அங்குல எஃகுத் தாழ்ப்பாளாக, தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும். ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டும். இன்னும் நல்லது, வெளியே சிவப்பு, பச்சை காட்டுகிற குளியலறைத் தாழ். ஆள் இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்க்கும் சாக்கு இல்லாமல் போகும்; அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கலாம். வெளிப்பக்கத்தில் கொண்டி, வளையம், சங்கிலி எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டிவிட்டு ஓடுவது பிள்ளைகளிடம் பழைய விளையாட்டு.

சன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து ஆறரை அடிக்கு மேலே. பழைய பள்ளிகளில் கழிப்பறைக்குக் கூரையே இருக்காது, மாடி வகுப்பின் வராந்தாவிலிருந்து நேராகத் தெரியும். மாடிப்படியில் நின்று ஒரு தடவை பாருங்கள். தெரிந்தால் முதல் செலவு கூரைத் தகரத்துக்கு.

உள்ளே வேண்டியது அதிகமில்லை: தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு குழாய், 15 லிட்டர் வாளி, மக்கு, உடை மாட்ட இரண்டு கொக்கி, முகம் பார்க்கிற உயரத்தில் சின்னக் கண்ணாடி, மூடியுள்ள குப்பைத் தொட்டி, 9 வாட் எல்.இ.டி. விளக்கு. விளக்கின் சுவிட்ச் உள்ளே இருக்கட்டும், ஈரம் படாத மூலையில், உயரமாக. வெளியே வைத்தால் உள்ளே ஆள் இருக்கும்போது அணைத்து விளையாடுவார்கள்.

இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை, சிஸ்டர்ன் என்கிற ஃப்ளஷ் தொட்டியின் மிதவையைச் சீக்கிரமே வெள்ளைப் படிவத்தால் இறுக்கிவிடும். பிறகு தண்ணீர் ஓயாமல் ஒழுகும், ஒழுகுகிறதென்று வால்வை அடைப்பார்கள், அடைத்ததும் நாற்றம், நாற்றமென்று பூட்டு. அதனால் வாளித் தண்ணீர் ஊற்றுகிற இந்தியன் பேசினே நமக்கு உத்தமம். மாற்றுத்திறன் அறையில் வெஸ்டர்ன் இருந்தால் அதற்கும் வாளி வைத்துவிடுங்கள். கழிவுக் குழாய் 4 அங்குலம், 10 அடிக்கு 3 அங்குலச் சரிவு. சரிவு குறைந்தால் அடைப்பு நிச்சயம்.

தண்ணீர்த் தொட்டிக்குக் கணக்கு சுலபம். ஒரு தடவைக்கு 5 லிட்டர், நாளைக்கு 60 தடவை என்று வைத்தால் 300 லிட்டர். 500 லிட்டர்த் தொட்டி போதும். ஆனால் பொதுத் தொட்டியிலிருந்து குழாய் இழுக்கும்போது இந்த அறையைக் கடைசி இணைப்பாக விடாதீர்கள். மோட்டார் ஓடாத நாளில் முதலில் வறண்டுபோவது கடைசிக் குழாய்தான்.

பெயர்ப்பலகை

"மூன்றாம் பாலினத்தவர் கழிப்பறை" என்று எழுதினீர்களானால் வேலை கெட்டது. அந்தக் கதவைத் திறக்கிற முதல் பிள்ளையைப் பள்ளி முழுக்கப் பார்க்கும். அதனால் யாரும் போக மாட்டார்கள், யாரும் போகாததால் துடைப்பமும் பினாயிலும் உள்ளே போகும், அடுத்த வருடம் பூட்டு தொங்கும். பாதி ஊர்களில் திறப்பு விழாப் படத்தோடு முடிந்துபோன அறைகளின் கதை இதுதான்.

"கழிப்பறை – ஒருவர் மட்டும்" என்று எழுதுங்கள். பாவாடை, பேன்ட் படமெல்லாம் வேண்டாம், ஒரு கழிப்பறைப் பேசின் படம் போதும். ஆசிரியர்களும் அவ்வப்போது அங்கேயே போகட்டும். எல்லோரும் போகிற அறைக்குத்தான் தண்ணீரும் வரும், சுத்தமும் இருக்கும்.

நேரம்

பத்து நிமிட இடைவேளையில், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஓர் அறையில் ஐந்து பேர்தான் போக முடியும். வாசலில் வரிசை நின்றால் பயந்த பிள்ளை திரும்பிப் போய்விடும். அதனால் பாட நேரத்திலும் போகலாம் என்ற விதி எல்லா வகுப்புக்கும் பொதுவாக வேண்டும். ஆசிரியர் மேசையில் ஒரு மர அட்டை; போகிறவர் எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து வைப்பார். எந்தக் கழிப்பறை, எதற்கு, ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்வி கிடையாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி அனுமதிச் சீட்டு கொடுப்பது பெயர்ப்பலகையைக் கழுத்தில் மாட்டுவதற்குச் சமம்.

சாவி என்று ஒன்று இருக்கவே கூடாது. பள்ளி முடிந்த பிறகு வளாகக் கேட்டைப் பூட்டுகிறீர்கள் அல்லவா, அது போதும். இரவில் உள்ளே வந்து குடிக்கிறவர்களுக்குப் பயந்து பூட்டியே ஆக வேண்டுமென்றால், காலை முதல் மணிக்கு முன் திறப்பவர் யார், அவர் விடுப்பில் போனால் யார் என்று இரண்டு பெயர்கள் எழுதிவைக்க வேண்டும்.

சுத்தத்துக்கு நாளைக்கு இரண்டு முறை: காலைப் பிரார்த்தனைக்கு முன், மதிய உணவுக்குப் பிறகு. தூய்மைப் பணியாளரிடம் "இது அவங்க ரூம்" என்று சொல்லாதீர்கள். செய்தி அன்றைக்கே ஊருக்குள் போய்விடும். உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றும் வழக்கம் உண்டு. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பி, மூடிய அறையில் மூச்சுத் திணறும். ஒன்று திங்கள், இன்னொன்று வியாழன் என்று பிரித்துவிடுங்கள். பிள்ளைகளைக் கழுவச் சொல்வது எக்காரணம் கொண்டும் கூடாது.

நாப்கின்

திருநம்பிப் பிள்ளைக்கு, அதாவது பெண்ணாகப் பிறந்து தன்னைப் பையனாக உணர்கிற பிள்ளைக்கு, மாதவிடாய் நாட்கள்தான் பள்ளிக்கு மட்டம் போடும் நாட்கள். புதுயுகம் திட்டத்து நாப்கின்களைப் பெண் பிள்ளைகளை மட்டும் வரிசையில் நிறுத்திக் கொடுக்கும்போது, அந்த வரிசையில் நிற்பதே அதற்குத் தண்டனை. ஒற்றை அறையின் உள்ளே ஒரு சிறு பெட்டியில் ஐந்தாறு நாப்கினும் பழைய செய்தித்தாளும் எப்போதும் இருக்கட்டும். எடுத்தவர் யாரென்று கேட்க வேண்டாம். ஆண்கள் கழிப்பறையிலும் மூடியுள்ள தொட்டி ஒன்று வேண்டும். எரியூட்டி பெண்கள் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும் என்றால், இந்த அறையின் தொட்டியைக் காலி செய்வது யார் என்பதையும் தூய்மை அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

பணம்

தாழ்ப்பாள், கூரை, விளக்கு, வாளி அளவுக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியமே போதும். மாணவர் எண்ணிக்கை 30-க்கு மேல் 100 வரை இருந்தால் 25,000 ரூபாய், 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம் என்ற அளவில் அது வருகிறது; அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. புது அறை கட்டுவதென்றால் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியாக வரும் நன்கொடை, ஊராட்சி நிதி. தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனிகள் இருக்கிற ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். கொடையாளர் பெயர்க் கல்லில் "திருநர் குழந்தைகளுக்காக" என்று பொறிக்க ஆசைப்படுவார். கையெழுத்துப் போடும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்

தீர்மானத்தில் எந்தக் குழந்தையும் தெரியக் கூடாது. கூட்டக் குறிப்பை யார் வேண்டுமானாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். வாசகம் இப்படி இருக்கலாம்:

"பள்ளி வளாகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் பயன்படுத்தும் தனிக் கழிப்பறை ஒன்றை, பாலின வேறுபாடின்றி எல்லா மாணவரும் பயன்படுத்தும் வகையில் ஏற்படுத்துவது, பாட நேரத்திலும் கழிப்பறை செல்ல அனுமதிப்பது, கழிப்பறையில் கேலி, தொந்தரவு செய்வோர் மீது நடவடிக்கை எடுப்பது, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிக்குப் புகார் அலுவலர் ஒருவரை நியமிப்பது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கூட்டத்தில் வரும் எதிர்ப்பு பெரும்பாலும் மூன்று வகைதான். "இன்னா சார், ஆம்பளப் பசங்களும் பொம்பளப் புள்ளைங்களும் ஒரே ரூமுக்கா போவாங்க?" ஒரு நேரத்தில் ஒருவர், உள்ளே தாழ்ப்பாள். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது அவர் குடும்பம் முழுக்கப் போவதும் அப்படி ஓர் அறைக்குத்தான் என்று நினைவுபடுத்தினால் பேச்சு அங்கேயே நிற்கும். "நாளைக்கு எவனாவது பொண்ணு மாதிரி நடிச்சுக்கிட்டு பொண்ணுங்க பாத்ரூமுக்குப் போனா?" தப்பு செய்கிறவர் யாராக இருந்தாலும் போக்சோ சட்டம் பொருந்தும், அந்தச் சட்டம் ஆண், பெண், திருநர் என்று பார்க்காமல் எல்லாக் குழந்தைகளையும் காக்கிறது. கழிப்பறை நடையில் இடைவேளைதோறும் ஓர் ஆசிரியர் வெளியே நிற்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சொன்னபடி நிற்கவும் வையுங்கள். மூன்றாவது, "இதெல்லாம் பாத்துட்டு மத்த புள்ளைங்களும் அப்படி ஆயிடும்." பாரதக் கூத்தில் ஆண் புடவை கட்டித் திரௌபதியாக வருவதை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர் இது. பார்த்து யாரும் மாறியதில்லை என்று கூட்டத்திலேயே யாராவது ஒரு பெரியவர் சொல்வார். அவர் சொல்லும்வரை பொறுத்திருங்கள். வாத்தியார் சொல்வதைவிட அது எடுபடும்.

ஆண்கள் பள்ளி, விடுதி, தேர்வு மையம்

ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற திருநங்கைப் பிள்ளைக்கு வேறு வழியே இல்லை, ஒற்றை அறை உடனே வேண்டும். அது தயாராகும்வரை ஆசிரியைகள் கழிப்பறையைத் திறந்துவிடலாம். அங்கே போகும்போது யாரும் கூடவே உள்ளே போகக் கூடாது, "எங்க பாத்ரூமுக்கு வர்றா பாரு" என்ற முணுமுணுப்பும் கூடாது. ஆசிரியைகளிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்காமல் குழந்தையை அனுப்பினால் அந்த முணுமுணுப்பைக் குழந்தைதான் கேட்கும்.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி மலை ஊர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற உண்டு உறைவிடப் பள்ளிகளில் கழிப்பறையைவிடக் குளியல்தான் சிக்கல். திறந்த தொட்டியைச் சுற்றி நின்று குளிக்கும் இடத்தில் இரண்டு மறைப்பு அறை கட்டுங்கள், கதவோடு. பணமில்லையென்றால் குளிக்கும் நேரத்தையாவது அரை மணி முன்னாலோ பின்னாலோ விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும். ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்று விடுதிக் காப்பாளர் வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பெரும்பாலும் வேறு பள்ளியில் இருக்கும். மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு எழுதினால் மதிப்பெண்ணில் தெரியும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் தலைமையாசிரியர், அந்த மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் நேரில் பேசி, எந்த அறை திறந்திருக்கும் என்று கேட்டுவைத்துக் குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். நேதாஜி மைதானத்தில் நடக்கும் விளையாட்டுப் போட்டி, சாரணர் முகாம், சுற்றுலா எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான்.

எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் பாலினக் கட்டத்தை உதவி செய்கிற நினைப்பில் யாரும் மாற்றிவிடக் கூடாது. குழந்தையும் பெற்றோரும் கேட்ட பிறகு, ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டிய தனி வேலை அது. கழிப்பறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பள்ளி மறுத்தால்

பெற்றோர் முதலில் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சாக வைத்தால் "யாரும் கேட்கவில்லை" என்றாகிவிடும். 15 நாளில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலர், மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதற்கும் மேலே சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், அதே அலுவலகத்தின் மாவட்ட சமூக நலப் பிரிவு. இலவச சட்ட உதவிக்கு 15100.

பழைய வட ஆற்காடு என்ற நினைப்பில் எல்லோரும் வேலூருக்கு வந்து நிற்கிறார்கள். 2019-க்குப் பிறகு ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர்க்காரர்களுக்கு ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளிக்காரர்களுக்குத் திருப்பத்தூர். ஆரணி, செய்யாறு, போளூர் 1989-இலிருந்தே திருவண்ணாமலை. மனு தவறான மாவட்டத்தில் விழுந்தால் அது திரும்பிப் போய்ச் சேரவே ஒரு மாதம்.

மனுவில் குழந்தையின் பெயரை எழுதாதீர்கள். திங்கட்கிழமை மனு பத்து மேசை தாண்டும். "இப்பள்ளியில் ஒருவர் பயன்படுத்தும் தனிக் கழிப்பறை இல்லை, சென்னை உயர் நீதிமன்றத்தின் 7.6.2021 நாளிட்ட உத்தரவின்படி ஏற்படுத்தித் தர வேண்டும்" என்று பொதுக் கோரிக்கையாக எழுதுங்கள். தலைமையாசிரியருக்குக் கொடுத்த மனுவின் நகல், கதவில்லாத கழிப்பறையின் படம் (பிள்ளைகள் யாரும் அதில் விழாமல்), உத்தரவின் அந்தப் பக்கம், மூன்றையும் இணையுங்கள். குழந்தை தற்கொலை பற்றிப் பேசினாலோ, சாப்பாட்டை நிறுத்தினாலோ மனு வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ பாகாயம் சி.எம்.சி. மனநல மையத்துக்கோ அன்றைக்கே கூட்டிப் போங்கள். மருத்துவரிடம் குழந்தை எந்தப் பெயரைச் சொல்கிறதோ அந்தப் பெயரிலேயே பேச விடுங்கள். பதிவுச் சீட்டில் என்ன பெயர் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.